பந்தல் போடும் முன் பேசிவிடுவோம், தோழர்களே!

தோழர்களே, சபை வாலிபர்களே, ஞாயிறு பள்ளி ஆசிரியைகளே, உபதேசியார்மாரே!

கன்வென்ஷன் பந்தலுக்குக் கம்பு நடும் முன்பு நாம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இனி நம் சபைகளின் மேடையில் ஏறி நின்று யாரும் போரை நற்செய்தியாக அறிவிக்கக் கூடாது. ராயகிரியிலிருந்து இதை எழுதுகிறேன். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று சுற்றுவட்டாரத்தில் ஊழியத்தில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இதைத் தள்ளிப்போட நேரம் இல்லை. பிரசங்கியாரிடம் தேதி வாங்கி நோட்டீஸ் அடித்தாகிவிட்டால் அப்புறம் நாம் வாய் திறக்க முடியாது. வந்த தேவ மனிதரைச் சங்கடப்படுத்தாதே என்று பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள்.

நீங்களும் கேட்டிருப்பீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல், ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் பறக்கும். பெண்கள் தூங்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தார்ப்பாயில் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் ஒருவர் காசாவில் விழுகிற குண்டுகளை வரிசையாகச் சொல்லி, "அடையாளங்கள் நிறைவேறுகின்றன, ஆயத்தமாகுங்கள்" என்று குரலை உயர்த்துவார். கூட்டம் அல்லேலூயா சொல்லும். அப்புறம் காணிக்கைப் பை சுற்றி வரும். அப்படி ஒரு ராத்திரியில் எனக்கு முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னார்: "யாரு பெத்த பிள்ளைகளோ, பாவம்." அன்று அந்தப் பந்தலில் பேசப்பட்டவற்றில் சுவிசேஷத்துக்குப் பக்கத்தில் நின்றது அந்த ஒரு வார்த்தைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பிள்ளைகள் நமக்கு யார் என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம் சொல்கிறேன். காசா நகரில் அல் அஹ்லி அரபு மருத்துவமனை இருக்கிறது. எருசலேம் ஆங்கிலிக்கன் திருமண்டலம் நடத்துகிற ஆஸ்பத்திரி. 1882இல் அதைத் தொடங்கியது சி.எம்.எஸ். சங்கம். அதே சி.எம்.எஸ்.தான் 1820இல் ரேனியஸ் ஐயரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியது. 1854 முதல் கூடாரம் அடித்து வட திருநெல்வேலி ஊர்களைச் சுற்றி, 1858இல் சிவகாசியில் கண்மூடிய ராக்லண்ட் ஐயரும் அதே சங்கத்தின் ஆள்தான். நம் பகுதியின் பழைய சபைகள் பலவற்றுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் தாய் ஒன்று. 2025 ஏப்ரல் 13 அதிகாலையில் அந்த ஆஸ்பத்திரி மேல் இஸ்ரேல் ராணுவத்தின் ஏவுகணைகள் விழுந்தன. ஆய்வுக்கூடம் தரைமட்டமானது. அவசர சிகிச்சைப் பிரிவு சேதமானது. வெளியேற இருபது நிமிடமே அவகாசம் தந்தார்கள் என்றும், தலைக்காயத்தோடு இருந்த ஒரு பிள்ளை அந்த அவசரத்தில் இறந்துபோனது என்றும் எருசலேம் திருமண்டலம் அறிவித்தது.

அன்று குருத்தோலை ஞாயிறு, தோழர்களே. நாம் இங்கே பிள்ளைகள் கையில் ஓலைச் சிலுவை கொடுத்து, ஓசன்னா பாடி, தெருவில் பவனி போன நாள்.

அதற்கு முன்பே, 2023 அக்டோபர் 19இல் காசாவின் பழைமையான புனித பொர்பிரியு ஆலய வளாகத்தில் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் பதினாறு பேருக்கு மேல் செத்தார்கள். 2025 ஜூலை 17இல் திருக்குடும்ப ஆலயம் தாக்கப்பட்டு மூன்று பேர் இறந்தார்கள், பங்குத்தந்தைக்கும் காயம். போப் பிரான்சிஸ் போர் தொடங்கியதிலிருந்து தம் கடைசி நாட்கள் வரை ஏறக்குறைய ஒவ்வொரு இரவும் போனில் கூப்பிட்டு நலம் விசாரித்த பங்கு அது. மொத்தச் சாவு எழுபதாயிரத்தைத் தாண்டியதாகக் காசா சுகாதார அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் அறிவித்த பிறகும் அங்கே சாவு நிற்கவில்லை. மடிந்தவர்களில் கிறிஸ்தவர்கள் வெகு சிலர், முஸ்லிம்களே ஏறத்தாழ எல்லோரும். நம் துக்கம் சபைப் பதிவேட்டைப் பார்த்து அளந்து தருகிற துக்கமாக இருக்கக் கூடாது.

2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் ஆட்கள் எல்லை தாண்டிப் போய்ச் சுமார் 1,200 பேரைக் கொன்றதும், இருநூற்றைம்பது பேர் அளவில் பிணையாகப் பிடித்துப் போனதும் பாதகம். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் வந்த பிள்ளைகளைச் சுட்டது பாதகம். அதைச் சொல்லத் தயங்குகிறவர் இந்த அணியில் சேர வேண்டாம். யூதர் மேல் வெறுப்பை வளர்ப்பதற்கு நான் உங்களைக் கூப்பிடவில்லை. ஐரோப்பாவின் கிறிஸ்தவ நாடுகள்தான் நூற்றாண்டுக் கணக்கில் அந்த வெறுப்பை வளர்த்தன. அதன் முடிவு ஹிட்லரின் விஷவாயுக் கூடங்கள். நான் கேட்பது இதுதான்: எந்தப் பக்கத்துப் பிணத்தையும் தீர்க்கதரிசனத்தின் சாட்சியாக மேடையில் காட்டாதீர்கள்.

நம் ஆண்டவர் கைதான ராத்திரியை நினைத்துப் பாருங்கள். பேதுரு கத்தியை உருவி மல்குஸின் காதை வெட்டினான். நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. பிடிக்க வந்தவர்கள் அநியாயக்காரர்கள்தான். ஆனாலும் இயேசு கத்தியை உறையில் போடச் சொன்னார். பிடிக்க வந்தவனின் காதைத் தொட்டுச் சுகமாக்கினார். சிலுவைக்கு முன் அவர் செய்த கடைசிச் சுகமாக்குதல் ஒரு எதிராளிக்குச் செய்தது. இதைப் படித்து வளர்ந்த ஆதி சபையில் பலருக்குக் குழப்பம் இருக்கவில்லை. 295இல், இன்றைய அல்ஜீரியாவில் இருந்த தெவெஸ்தே நகரில், மாக்சிமிலியான் என்ற 21 வயது இளைஞனைப் படையில் சேர்க்கக் கொண்டுபோனார்கள். நான் கிறிஸ்தவன், போர்ச் சேவகம் செய்ய மாட்டேன் என்றான். தலையை வெட்டினார்கள். பிறகு அரசனே கிறிஸ்தவனான காலத்தில் நீதியான போர் என்ற கணக்கு வந்தது. அகுஸ்தீன் அதற்கு அடி போட்டார், அக்குவினாஸ் வரையறை எழுதினார். சிலுவைப் போர்கள் அந்தக் கணக்கையும் மிதித்துத் தாண்டின. நம் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் பிறந்தது. மறு வருடமே ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூடி, போர் கடவுளின் சித்தத்துக்கு விரோதமானது என்று அறிவித்தது. நீதியான போர் என்று வாதாடுகிறவர்கள்கூட அக்குவினாஸின் அளவுகோலை எடுத்து ஆஸ்பத்திரி மேல் குண்டு போடுவதை அளந்து பார்க்கட்டும். அவர் கேட்ட நேர்மையான நோக்கம் அதில் எங்கே இருக்கிறது?

இதெல்லாம் வெள்ளைக்காரன் வரலாறு என்று ஒதுக்குவீர்களானால், நம் வரலாற்றுக்கே வருகிறேன்.

1785இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1779இல், கும்பினியும் ஹைதர் அலியும் மோதும் நிலை வந்தபோது, தூது போக ஆள் தேடினார்கள். ஹைதர் நம்பக்கூடியவராகச் சுவார்ட்ஸ் கிடைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கினார். சமாதானம் நிலைக்கவில்லை. 1780இல் மைசூர்ப் படை இறங்கி வந்தது, ஊர்கள் எரிந்தன. ஆனால் அந்தப் பாதிரியாரைத் தடுக்கக் கூடாது, அவர் எங்கும் போய்வரலாம் என்று ஹைதர் தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தார். தஞ்சாவூரில் பஞ்சம் கொன்றபோது சேர்த்துவைத்த அரிசியைப் பங்கிட்டார் சுவார்ட்ஸ். நம் திருமண்டலத்தின் தொடக்கத்தில் நிற்கிற மனிதர் இவர். எதிரி ராஜாவும் நம்பிய மனிதர். இன்று நம் பிரசங்கியார்களில் எத்தனை பேரைக் கடையநல்லூரில் ஒரு முஸ்லிம் பெரியவர் அப்படி நம்புவார்?

இப்போது நான் உங்களை எழுப்ப நினைக்கிற பெயருக்கு வருகிறேன். சிவகிரியில் மதுரை பஸ் ஏறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி டி.கல்லுப்பட்டி வரும். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம். அங்கேதான் தன் கடைசி வருடங்களைக் கழித்தார் ஜே.சி.குமரப்பா. ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்பது அவர் முதல் பெயர். 1892 ஜனவரி 4இல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம். கோட்டும் டையுமாக இருந்தவர் காந்தியைச் சந்தித்தபின் கதருக்கு மாறினார். கிறிஸ்துவை விட்டு அவர் விலகவில்லை; கிறிஸ்துவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

1930இல் உப்பு சத்தியாக்கிரகம் மூண்டபோது இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட் சட்டமறுப்பைக் கண்டித்தார். குமரப்பா சும்மா இருக்கவில்லை. பேராயரோடு கடிதத்தில் வாதாடினார். கிறிஸ்தவ ஊழியர்களும் மிஷனரிகளும் அகிம்சையின் பக்கம் நிற்க வேண்டும் என்று பகிரங்க வேண்டுகோள் எழுதினார். நான் இன்று செய்வது அவர் செய்ததன் சிறு தொடர்ச்சிதான். அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு முடிந்த உலகப்போரில் பீரங்கிகளுக்காக ஜெபித்த பீடம், அடியை வாங்கிக்கொண்டு திருப்பி அடிக்காமல் நின்றவர்களைப் பார்த்துக் குற்றம் சொன்னது. ஒரு சாதாரண விசுவாசி, குருப்பட்டம் இல்லாதவர், அதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருக்கவில்லை. குருப்பட்டம் இல்லாத நாமும் பேசலாம், பேச வேண்டும்.

ஜபல்பூர் சிறையில் அவர் எழுதிய இரண்டு நூல்கள் 1945இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் போதனையையும் நடைமுறையையும் பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போர் அவருக்கு எங்கோ வானத்தில் குறிக்கப்பட்ட நாளில் வருகிற சம்பவம் அல்ல. நாம் வாங்குகிற பொருளிலிருந்தே அது தொடங்குகிறது. தூர தேசத்துக் கச்சாப்பொருள் வேண்டும், தூர தேசத்துச் சந்தை வேண்டும் என்று பெருக்கிக்கொண்டே போகிற பொருளாதாரம், அதைக் காக்கப் படையும் கப்பலும் கேட்கும். உயிர்களின் பிழைப்பை அவர் வகை பிரித்தார். மற்ற உயிரைக் கொன்று தின்னும் புலியின் பிழைப்பு கடைசிப் படி. அதற்கு மேல், தோப்பில் புகுந்து பறித்துத் தின்னும் குரங்கு. அப்புறம், தன் உழைப்பில் கூடு கட்டும் குருவி. கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ. எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்றும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை. மலையடிவாரத் தோட்டம் வைத்திருக்கிற நம்மவர்களுக்குக் குரங்கின் பொருளாதாரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. புலியின் பொருளாதாரத்தில் நாமும் பங்காளிகள் என்பதைத்தான் நமக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

பொருளை வாங்குகிறவன், அந்தப் பொருளைச் செய்வதில் சிந்திய ரத்தத்துக்கும் பொறுப்பாளி என்றார் குமரப்பா. 2024 மே மாதம் சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலுக்கு ஸ்பெயின் அரசு தன் கார்த்தஹேனா துறைமுகத்தில் அனுமதி மறுத்தது. அதில் இருந்தது வெடிபொருள். இருபத்தேழு டன் என்று ஸ்பெயின் ஏடுகள் எழுதின. சென்னையில் ஏறிய சரக்கு. நம் மேடைகளில் காசாவைப் பற்றித் தீர்க்கதரிசனம் சொன்னவர்களில் ஒருவர்கூட இந்தக் கப்பலைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. வானத்து அடையாளங்களை வாசிக்கிறவர்கள், நம் துறைமுகத்தில் ஏறும் சரக்கையும் வாசிக்க வேண்டாமா?

பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கம். 1995 ஜூலை 9இல் யாழ்ப்பாணத்தில் நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ்ச் சனங்கள் மேல் இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். 2009இல், போரின் கடைசி வாரங்களில், வலைஞர்மடம் ஆலயத்தில் ஒளிந்திருந்த இளைஞர்களையும் இளம்பெண்களையும் விடுதலைப் புலிகள் வலுக்கட்டாயமாகப் படைக்கு இழுத்துப் போனார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் சபையின் வேலை. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அதைச் செய்தவர். 2011 ஜனவரியில் அரசு ஆணைக்குழு முன் போய் உட்கார்ந்து, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை, அவர்கள் எங்கே என்று கேட்டார். அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கூட்டிக் கழித்து எடுத்த எண் அது. 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அந்தப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் கங்கைகொண்டான் முகாமில் இன்னமும் இருக்கிறார்கள். நாம் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

நம் தெருவுக்கும் வருகிறேன், அதைத் தாண்டிப் போய்விட்டு உலகச் சமாதானம் பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்களே கூடப்படித்த தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்த்தீர்களா? சபைக்குள் வரும்போது சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பெருமைப்படுகிறோம். கல்லறைத் தோட்டத்தில் பிரிந்து படுக்கிற ஊர்களும் நம்மிடம் உண்டு. அரிவாள் தூக்கும் கையைச் சபை சின்ன வயதில் தொடவில்லை என்றால், பிறகு அந்தக் கையைப் போலீஸ்தான் தொடும்.

நம் பிள்ளைகள் ராணுவத்தில் இருக்கிறார்களே, அவர்களை அவமதிக்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாட்களில், மகனை எல்லையில் வைத்திருந்த தாய்மார் போர் நிற்கத்தான் முழங்காலில் நின்றார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருந்தவர்கள்தான் இன்னும் அடி என்று கத்தினார்கள். நான் அந்தத் தாய்மாரின் பக்கம் நிற்கிறேன்.

இன்னொரு பயம் உண்டு. நாம் சிறுபான்மை, சமாதானம் பேசினால் தேசத்துரோகி என்பார்கள். சொல்வார்கள். இடிந்தகரையில் சொன்னார்கள். லூர்து மாதா ஆலய முற்றத்தில் பந்தல் போட்டு, கல்லெறியாமல், ஆயுதம் தொடாமல் அணு உலைக்கு எதிராக உட்கார்ந்த மீனவப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். அந்தப் போராட்டத்தை ஒட்டி 2012 செப்டம்பர் 10இல் மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் செத்தார். இடிந்தகரை மக்கள் அதற்குப் பிறகும் போராட்டத்தை விடவில்லை. பந்தல் என்றால் எனக்கு அந்தப் பந்தலும் நினைவுக்கு வருகிறது.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கன்வென்ஷன் பேச்சாளருக்குப் போகும் அழைப்புக் கடிதத்திலேயே, போரை ஆண்டவருடைய வருகையின் அடையாளமாகக் கொண்டாடிப் பேச வேண்டாம் என்று ஒரு வரி எழுதச் சேகரக் கமிட்டியைக் கேளுங்கள். மறுத்தால் திருமண்டலம் வரை எழுதுவோம். மன்றாட்டு ஜெபத்தில் காசாவையும், ஹமாஸிடம் பிணையாக இருந்து செத்தவர்களையும், சூடானையும், உக்ரைனையும், 2023 மே மாதம் முதல் இரண்டாகக் கிழிந்து கிடக்கும் மணிப்பூரின் குக்கிகளையும் மெய்தேயிகளையும் பெயர் சொல்லி வையுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பங்கைக் கங்கைகொண்டான் முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குங்கள். புளியங்குடியிலும் கடையநல்லூரிலும் முஸ்லிம் பெரியவர்கள் வீட்டுக்கு நாமாக நடந்து போவோம். அவர்கள் பிள்ளைகள் பலர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார்கள், அங்கே ஏவுகணை பறக்கும்போது இங்கே தூங்காமல் இருப்பவர்கள் அவர்கள். கையில் கயிறு கட்டின பிள்ளையைத் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். கயிறு கட்டிவிட்ட பெரியவரிடம் கோபப்படுங்கள்.

குமரப்பா இறந்தது 1960 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட அதே தேதி. வருகிற ஜனவரி 30 அன்று ஒவ்வொரு சபையிலிருந்தும் வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு கல்லுப்பட்டிக்குப் போகிறோம். அதற்கு முன், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டிய மனுவில் கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முதலில் வாங்குங்கள், அவர்கள் போட்டால் மற்றவர்கள் போடுவார்கள். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் மனு கமிட்டியின் கையில் இருக்க வேண்டும்.